நாட்டுத் துப்பாக்கி ஒன்று, பெற்றுக்கொண்டேன்

திருடிக்கொண்டு போனவள் கையோடு ரசீதும் எழுதிக் கொடுத்தாள் என்று ராமதாஸ் போலீஸ் ஸ்டேஷனில் சொன்னபோது அங்கிருந்த ரைட்டர் பேனாவை மூடி வைத்துவிட்டுச் சிரித்தார். சிரித்து முடித்த பிறகு ரசீதை வாங்கிப் பார்த்தார். தேதி முத்திரை, கையெழுத்து, எல்லாம் சரியாக இருந்தன. அந்த ரசீதினால் திருட்டு வழக்கு அன்றைக்கே செத்தது. ஆனால் அதே ரசீதினால் லைசென்ஸ் இல்லாமல் துப்பாக்கி வைத்திருந்த வழக்கு உயிர் பெற்று எழுந்து, சக்ரேஸ்வரியை ஆரணி கோர்ட்டுக் கூண்டு வரைக்கும் இழுத்துக்கொண்டு வந்துவிட்டது.

சேவூர் ஓரத்துப் பாவடித் தெருவில் அவளைத் தெரியாதவர்கள் இல்லை. அவள் வீட்டு முன்னறைதான் அந்தத் தெருவுக்குக் கிளைத் தபால் ஆபீஸ். பதினொரு வருஷமாக அவள்தான் அதற்கு அதிகாரி, குமாஸ்தா, முத்திரை குத்துகிறவள் எல்லாம். நெசவுக்காரர்கள் வாய் நிறையப் ‘போஸ்ட்டம்மா’ என்று கூப்பிடுவார்கள். நாற்பது வயது. எஸ்.எஸ்.எல்.சி. தேறியவள். எழுதாமல் எதையும் கையில் வாங்க மாட்டாள். பஸ்ஸுக்குப் போகிறவன் குடையை வைத்துவிட்டுப் போனால்கூட, ‘குடை ஒன்று, கறுப்பு, கம்பி ஒன்று உடைந்தது’ என்று துண்டுச் சீட்டு எழுதி அவன் கையில் கொடுத்துவிட்டுத்தான் குடையை மூலையில் சாத்துவாள். தெரு இதைக் கேலி செய்யும். கேலி செய்துகொண்டே குடையையும் அங்கேதான் வைக்கும்.

எழுபத்தெட்டாம் வருஷம் மாசி மாதம் அது. அன்று விடியற்காலை ராமதாஸ் தெருவில் பாவு நீட்டியிருந்தான். தெருவின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை பட்டு இழைகளை இழுத்துக் கட்டி, நாலு பேர் நின்று இழை பிரித்துக்கொண்டிருந்தார்கள். பாவு கிடக்கும்போது தெருவில் வண்டி வராது. ஜவுளி முதலாளியே வந்தாலும் இறங்கிச் சுற்றிக்கொண்டுதான் போவார். அன்றைக்கு வண்டி வந்தது. ஓட்டி வந்தவன் ராமதாஸின் கூடப்பிறந்த அண்ணன் மணவாளன். பாகம் பிரித்த வீட்டில் நடுச்சுவர் யாருக்கு என்று அண்ணன் தம்பிக்குள் இரண்டு வருஷமாகப் பேச்சுவார்த்தை இல்லை. களம்பூர் மில்லுக்கு நெல் ஏற்றிக்கொண்டு கிளம்பிய மணவாளன், மாட்டை நிறுத்தவும் இல்லை, திருப்பவும் இல்லை. மூன்று புடவைக்கான பாவு சக்கரத்தில் சிக்கி அறுந்தது. அவன் திரும்பியும் பார்க்கவில்லை.

பட்டு ராமதாஸுடையதல்ல, முதலாளி கொடுத்தது. அறுந்த இழைகளைக் கையில் அள்ளிக்கொண்டு ராமதாஸ் தெருவில் நின்று அழுதான். பிறகு அழுகையை நிறுத்திவிட்டு உள்ளே போனான். அவனுக்கு ஏரிக்கரைப் பக்கம் அரைக்காணி நிலம் உண்டு. காட்டுப்பன்றி விரட்ட லைசென்ஸ் வாங்கிய நாட்டுத் துப்பாக்கி ஒன்றும் உண்டு. அதில் மருந்தும் ரவையும் கெட்டித்துக்கொண்டு வந்து அண்ணன் வீட்டு வாசற்படியில் உட்கார்ந்தான். வண்டி திரும்பி வரட்டும் என்று மடியில் துப்பாக்கியைக் கிடத்திக்கொண்டான்.

தெரு என்ன செய்தது? கதவைச் சாத்திக்கொண்டது. பாவு பிரித்த நாலு பேரும் எந்த வீட்டுக்குள் நுழைந்தார்கள் என்றே தெரியவில்லை. எதிர் வீட்டு ஜன்னலில் சக்ரேஸ்வரி மட்டும் முத்திரைக் கட்டையும் கையுமாக நின்றாள். அவளுக்கு முதலில் வந்தது பயமல்ல, கோபம். இத்தனை ஆண்பிள்ளைகள் இருக்கிற தெருவில் ஒருவன்கூட வாய் திறக்கவில்லையே என்கிற கோபம். பயம் அதற்குப் பிறகுதான் வந்தது. அதோடேயே உள்ளே போய் ஒரு பெரிய டம்ளர் நிறைய மோரை எடுத்துக்கொண்டு தெருவைத் தாண்டினாள்.

“இந்தா ராமதாஸு, மோரு. காலைலருந்து ஒண்ணும் சாப்புடாம குந்திகினு இருக்கிற.”

“வேணாம்மா. நீங்க உள்ள போங்க.”

“மொதல்ல வாங்கு. கை வலிக்குது.”

போஸ்ட்டம்மா கையிலிருந்து எதை வாங்கினாலும் இரண்டு கையாலும் வாங்குவது அந்தத் தெருவின் பழக்கம். மணியார்டரோ கார்டோ மோரோ, எல்லாவற்றுக்கும் அதுதான் மரியாதை. கொலை செய்ய உட்கார்ந்திருந்தவனுக்கும் அந்தப் பழக்கம் மறக்கவில்லை. துப்பாக்கியைச் சுவரில் சாத்திவிட்டு இரண்டு கையையும் நீட்டினான். அவன் டம்ளரை வாயில் கவிழ்த்து அண்ணாந்தபோது அவள் துப்பாக்கியை எடுத்துக்கொண்டு நடந்தாள். ஓடவில்லை. ஓடினால் வெடித்துவிடுமோ என்று பயமாக இருந்தது. குழாயை வானத்தைப் பார்க்கப் பிடித்துக்கொண்டு தெருவைத் தாண்டி, உள்ளே போய்த் தாழ் போட்டாள்.

அவன் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு கத்தினான். “அம்மா, குடுத்துடுங்க! பேஜாரு பண்ணாதீங்க! என் துப்பாக்கி அது!”

“உன்னுதுதான். யாரு இல்லேன்னாங்க?” சக்ரேஸ்வரி மேஜையில் உட்கார்ந்து எழுதினாள். எழுதி, முத்திரை குத்தி, கம்பி வழியாக நீட்டினாள். ‘பாவடித் தெரு ராமதாஸ் அவர்களிடமிருந்து நாட்டுத் துப்பாக்கி ஒன்று பெற்றுக்கொண்டேன். இன்று மாலைக்குள் போலீஸ் ஸ்டேஷனில் ஒப்படைக்கப்படும்.’ நேரம் ஒன்பதே கால் என்றும் போட்டிருந்தாள்.

“ரசீது யாருக்கும்மா வேணும்? துப்பாக்கியக் குடுங்க!”

“உன் கையில குடுக்க மாட்டேன். கொல்ற சாமானக் கேட்டவன் கையில எடுத்துக் குடுக்கிற வழக்கம் எங்க வூட்ல கெடையாது.”

இது அவள் அந்த நிமிஷத்துக்காகச் சொன்னதல்ல. பிறந்த வீடு, புகுந்த வீடு இரண்டும் நயினார் வீடுகள். சமணர்கள். உயிரை எடுக்கிற கருவியை இன்னொருவனுக்குக் கொடுப்பதும் பாவத்தில் சேர்த்தி என்று விரதம் எடுத்த குடும்பம். எலிப்பொறிகூட அந்த வீட்டிலிருந்து இரவல் கிடைக்காது என்று தெருவுக்கே தெரியும்.

உடனே ஸ்டேஷனுக்குப் போயிருக்கலாமே என்று பிற்பாடு எல்லோரும் கேட்டார்கள். எப்படிப் போவது? தபால் ஆபீஸ் திறந்திருக்கிற நேரம். பதிவுத் தபால்கள் உள்ளே இருக்கின்றன. தபால் பை கொண்டுபோக ஆள் மூன்று மணிக்குத்தான் வருவான். அதற்குமுன் பூட்டிக்கொண்டு போக அவளுக்கு அதிகாரம் கிடையாது. யாராவது ஒருவர் போய்ச் சொல்லுங்கள் என்று ஜன்னலிலிருந்து கூப்பிட்டுப் பார்த்தாள். சாத்திய கதவு ஒன்றும் திறக்கவில்லை. சரி என்று துப்பாக்கியின் விசைப் பக்கத்தை ஒரு காலித் தபால் பைக்குள் நுழைத்து, கயிற்றால் இறுக்கிக் கட்டி, முடிச்சில் அரக்கு உருக்கி முத்திரை வைத்தாள். தன் கையும் சேர்த்து எந்தக் கையும் அதைத் தொடக் கூடாது என்பது அவள் எண்ணம். நீளக் குழாய் பைக்கு வெளியே நீட்டிக்கொண்டு நின்றது.

மதியம் டீக்கடையில் யாரோ ராமதாஸின் மனசைக் கலைத்துவிட்டார்கள். துப்பாக்கியைக் கண்டபடி விட்டதாகத் தெரிந்தால் லைசென்ஸ் போய்விடும், நீ முந்திக்கொள் என்று. அவன் ஸ்டேஷனுக்குப் போய் முந்திக்கொண்டான். மூன்று மணிக்குச் சக்ரேஸ்வரி தபால் பையைக் கட்டிக்கொண்டிருந்தபோது சப் இன்ஸ்பெக்டர் படியேறினார்.

“துப்பாக்கி இங்கதான் இருக்குதாம்மா?”

“இருக்குது. பையக் கட்டிட்டு அங்கதான் கௌம்பிகினு இருந்தேன்.”

“துப்பாக்கின்னு தெரிஞ்சுதான் வச்சிருந்தீங்களா?”

“தெரியாம யாராச்சும் அரக்கு வச்சு முத்திரை போடுவாங்களா?”

அவர் அந்த வார்த்தையை அப்படியே எழுதிக்கொண்டார்.

சக்ரேஸ்வரி கைதாகி ஜாமீனில் வந்த மறுநாளே மேலிடத்திலிருந்து உத்தரவு வந்தது. வழக்கு முடியும்வரை வேலை நிறுத்தி வைக்கப்படுகிறது, தண்டனை விழுந்தால் வேலை இல்லை. மேஜை, தராசு, முத்திரைக் கட்டை எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு போனார்கள். தபால் ஆபீஸை நாலு தெரு தள்ளி வேறொரு வீட்டில் வைத்தார்கள். முன்னறையில் மேஜை இருந்த இடம் மட்டும் வெளுப்பாகத் தெரிந்தது. பதினொரு வருஷத்தில் ஒரு கார்டு தவறியதில்லை. அந்த வேலை அவளுக்கு வெறும் வேலை இல்லை. தெருவில் அவளுக்கு ஒரு பெயர் இருந்தது என்றால் அது அந்த மேஜையினால் வந்த பெயர்.

கலெக்டரிடம் அனுமதி வாங்கி வழக்கைக் கோர்ட்டில் போட ஏழெட்டு மாதம் ஆயிற்று. வக்கீல் புஷ்பதந்தன் அவளுக்கு ஒன்றுவிட்ட அண்ணன். ஆரணி கோர்ட்டில் நல்ல பெயர். அவர் வழக்குக் கட்டைப் பிரித்துவைத்துக்கொண்டு பொறுமையாகத்தான் சொன்னார்.

“சக்ரா, இதுல ரெண்டு வழி. குத்தம்னு ஒத்துக்கினா அபராதத்தோட போயிடும். ஆனா வேலை போயிடும்.”

“ரெண்டாவது?”

“சட்டத்துல ஒருத்தன் ஒண்ண வச்சிருக்கிறான்னா, கை மட்டும் பத்தாது. மனசும் சேரணும். கையில இருந்துது, ஆனா இன்னதுன்னு தெரியாதுன்னா கேஸே இல்ல. ராமதாஸு கோணியில சுத்தி எதையோ வச்சிட்டுப் போனான், நான் பிரிச்சுப் பாக்கலன்னு சொல்லு. ரசீது என் கையெழுத்து இல்லைன்னு சொல்லு. மிச்சத்த நான் பாத்துக்கறேன்.”

“ரசீது என் கையெழுத்துதானேண்ணா.”

“அது எனக்குத் தெரியாதா? ஒரே ஒரு வார்த்தை. தெரியாதுன்னு ஒரு வார்த்தை. உன் மேஜை உன் வூட்டுக்கு வந்துடும்.”

பக்கத்தில் நின்ற அவள் கணவன் ஜெயசந்திரன் களம்பூர் அரிசி மில்லில் குமாஸ்தா. அதிர்ந்து பேசாத மனுஷன். அவனும், “அண்ணன் சொல்றாப்ல சொல்லிடேன் சக்ரா, யாருக்கு நஷ்டம்?” என்றான்.

சக்ரேஸ்வரிக்குச் சுருக்கென்று கண்ணில் நீர் வந்தது. ஆசை இல்லாமல் இல்லை. ஏழெட்டு மாதமாக அந்த வெளுத்த இடத்தைப் பார்த்துக்கொண்டிருப்பவள் அவள்தான். “தெரிஞ்சதாலதானே எடுத்தேன்?” என்றாள். “தெரியாதுன்னு சொன்னா, நான் செஞ்சது ஒண்ணுமே இல்லாம பூடுதே. யாரோ வச்ச மூட்டைய மூலையில போட்ட மாதிரி ஆயிடுதே. அதுக்கா அன்னிக்கு அவ்ளோ பயத்தோட தெருவத் தாண்டினேன்? முடியாதுண்ணா. நான் தெரியும்னுதான் சொல்லுவேன்.”

“அப்ப ஜெயிலுக்குப் போனாலும் போவ.”

“போறேன்.”

புஷ்பதந்தன் கட்டைச் சுருட்டிக்கொண்டு எழுந்துவிட்டார். வழக்கை விடவில்லை, கோபம்தான்.

விசாரணை அன்று கோர்ட்டு மேஜையில் துப்பாக்கி கிடந்தது. விசைப் பக்கத்தில் பையும் அரக்கு உடைந்த கயிறும் அப்படியே இருந்தன. அரசுத் தரப்பு வக்கீல், அரசாங்கப் பையில் ஆயுதத்தை ஒளித்து வைத்த அம்மாள் என்று ஆரம்பித்தார். மாஜிஸ்திரேட் வெளியே நீட்டிக்கொண்டிருந்த குழாயை ஒரு பார்வை பார்த்தார்.

ராமதாஸ் சாட்சி சொன்னான். தலையைத் தூக்காமல் சொன்னான். அவனுக்குப் பின்னால் அவன் மனைவி பாஞ்சாலை வந்தாள். போஸ்ட்டம்மா துப்பாக்கியைத் தூக்கிக்கொண்டு போனதையும், கேட்டபோது தர மறுத்ததையும் பார்த்ததாகச் சொன்னாள். அதோடு அவளை இறக்கிவிட்டிருக்கலாம். அரசு வக்கீலுக்கு ஆசை விடவில்லை. இந்த அம்மாளுக்கு அடுத்தவர் பொருளை வைத்துக்கொண்டு அழிச்சாட்டியம் செய்வதே குணம் என்று காட்ட நினைத்தார்.

“இதுக்கு முன்னாலயும் இந்த அம்மா கேட்டதத் தராம இருந்தது உண்டாம்மா?”

பாஞ்சாலைக்கு முகம் சிவந்தது. “உண்டாவா? நல்லாக் கேட்டீங்க! தீபாவளிக்குக் கோழி அறுக்கணும், அரிவாமணை ஒண்ணு குடுங்கம்மான்னு கேட்டேன். எங்க வூட்ல கொல்றதுக்கு எதுவும் தர மாட்டோம்னுச்சு. எலி தொல்லை தாங்கல, பொறி குடுங்கன்னேன். அதுவும் இல்ல. எதிர் வூடுன்னு பேருதான். காய்கறி வேணும்னா தானே அரிஞ்சு குடுக்குமாம்! அரிஞ்சு குடுத்துச்சுங்க, அதையும் சொல்லிடணும். ஆனா அரிவாமணைய மட்டும் கண்ணுல காட்டல.”

கோர்ட்டு சிரித்தது. அரசு வக்கீல் சிரிக்கவில்லை. மாஜிஸ்திரேட் பேனாவைக் கீழே வைத்தார்.

“சாட்சியை நான் ஒன்று கேட்கிறேன். அன்றைக்கு உங்கள் கணவர் கேட்டவுடன் துப்பாக்கியைத் திருப்பித் தந்திருந்தால் உங்களுக்குச் சந்தோஷமாக இருந்திருக்குமா?”

பாஞ்சாலை பதில் சொல்ல வாய் திறந்தாள். கணவனைத் திரும்பிப் பார்த்தாள்.

“குடுத்திருந்தா நான் இன்னிக்கு இங்க நிக்க மாட்டேங்க,” என்றாள். குரல் இறங்கிப் போயிருந்தது. “ஜெயிலு வாசல்ல சோத்துச் சட்டியோட நின்னுகினு இருப்பேன்.”

ராமதாஸ் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டான்.

பிறகு சக்ரேஸ்வரியின் முறை. புஷ்பதந்தன் அவளைப் பார்த்து ஒரு தரம் இருமினார். இப்போதும் கெட்டுப்போகவில்லை, காற்று நம் பக்கம் வீசுகிறது, அந்த ஒரு வார்த்தையைச் சொல்லிவிடு என்று அந்த இருமலுக்கு அர்த்தம்.

“துப்பாக்கி என்று தெரிந்தே எடுத்தீர்களா?” என்று மாஜிஸ்திரேட் கேட்டார்.

“தெரிஞ்சே எடுத்தேங்க.”

“உங்களிடம் லைசென்ஸ் இல்லை என்றும் தெரியுமா?”

“தெரியுங்க.”

“சொந்தக்காரர் கேட்டும் தரவில்லை.”

“தரலைங்க. ரசீது தந்தேன்.”

புஷ்பதந்தன் கண்ணை மூடிக்கொண்டார். மாஜிஸ்திரேட், வேறு ஏதாவது சொல்ல வேண்டுமா என்று கேட்டார்.

“சொல்லணுங்க. எங்க தெருவுல இருவது தறி ஓடுது. எந்தத் தறியிலயும் இருக்கிற பட்டு நெய்யறவனுது கெடையாது. முதலாளி குடுத்த பாவு, முதலாளி குடுத்த ஜரிகை. இருவது நாளு இவன் வூட்ல இருக்கும், நெய்ஞ்சு குடுத்ததும் போயிடும். அத யாரும் இவன் பட்டுன்னு சொல்றதில்ல. என் மேஜையில பதினோரு வருஷமா ஊரு தபாலு இருந்துது. ஒரு கார்டாவது என் கார்டா? ஒரு பொருளு என்கிட்ட எதுக்கு இருக்குதுன்னு பாக்காம, இருக்குது இருக்குதுன்னு மட்டும் சொன்னா எப்படிங்க? காலைல ஒன்பதே காலுக்கு எடுத்தேன். சாயங்காலம் ஸ்டேஷன்ல தரேன்னு எழுதிக் குடுத்தேன். அவங்க மூணு மணிக்கு வந்துட்டாங்க. நடுவுல அஞ்சே முக்கா மணி நேரம் ஒரு உசுரு போகாம இருந்துது. அது குத்தம்னா, செஞ்சேன். நாளைக்கு எவனாச்சும் அதே மாதிரி வாசப்படியில குந்தினா நாளைக்கும் செய்வேன். இத எழுதிக்கோங்க.”

எழுதிக்கொண்டார்கள்.

இரண்டு வாரம் கழித்துத் தீர்ப்பு வந்தது. தெரிந்தே கையில் வைத்திருந்தார் என்பது அவருடைய வாயாலேயே நிரூபணமாகிறது என்று மாஜிஸ்திரேட் வாசித்தபோது ஜெயசந்திரன் சுவரைப் பிடித்துக்கொண்டான். ஆனால் வைத்திருந்த நோக்கம் என்ன என்பதும் அதே வாயாலும் அதே ரசீதாலும் நிரூபணமாகிறது என்று அடுத்து வாசித்தார். ஆபத்தை விலக்கவும் அதிகாரிகளிடம் ஒப்படைக்கவும் கொஞ்ச நேரம் கையில் வைத்திருந்ததைச் சட்டம் தண்டிக்க நினைக்கும் உடைமையாகக் கொள்ள முடியாது, விடுதலை. சக்ரேஸ்வரிக்குச் சந்தோஷத்தில் அழுகை வந்தது. வெட்கப்படாமல் அழுதாள். புஷ்பதந்தன் தானே ஜெயித்ததுபோல நாலு பேரிடம் கை குலுக்கினார்.

கோர்ட்டு குமாஸ்தா ஒரு பதிவேட்டைத் தூக்கிக்கொண்டு வந்தார். “இங்க ஒரு கையெழுத்தும்மா. உங்ககிட்டருந்து கைப்பத்தினது இல்லையா, அத லைசென்ஸ்காரர் ராமதாஸுக்குத் திருப்பித் தர உங்களுக்கு ஆட்சேபணை இல்லைன்னு. சும்மா வழக்கத்துக்குத்தான். ஜல்தியா போடுங்க.”

சக்ரேஸ்வரி கண்ணைத் துடைத்துக்கொண்டு பேனாவை வாங்கினாள். அச்சடித்திருந்த வரியை விரல் வைத்து ஒரு தடவை படித்தாள். ‘இல்லை’ என்பதை அடித்துவிட்டு மேலே ‘உண்டு’ என்று எழுதினாள். கீழே கையெழுத்துப் போட்டு, தேதியும் நேரமும் போட்டாள்.

“இன்னா சக்ரா இது!” புஷ்பதந்தன் தலையில் கை வைத்துக்கொண்டார். “இப்பதானே உட்டாங்க!”

குமாஸ்தா பதிவேட்டை மாஜிஸ்திரேட்டிடம் கொண்டுபோய்க் காட்டினார். அவர் மூக்குக்கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு பார்த்தார். “ஆட்சேபணைக்குக் காரணம் என்ன அம்மா?”

“இவன் அண்ணன் இன்னும் பக்கத்துப் பாகத்துலதாங்க இருக்காரு,” என்றாள் சக்ரேஸ்வரி. “நடுச்சுவரும் அங்கியேதான் இருக்குது.”

மாஜிஸ்திரேட் ராமதாஸைப் பார்த்தார். ராமதாஸ் பாஞ்சாலையைப் பார்த்தான். பாஞ்சாலை முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு முன்னால் வந்தாள்.

“அது இங்கியே கெடக்கட்டுங்க,” என்றாள். “எங்களுக்கு ரசீது குடுத்துடுங்க, போதும்.”